திரிந்த பாலும் எலியின் மூளையும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டு அடுப்படியில் டீ போடுவதற்காகப் பால் பாக்கெட்டைத் திறந்தேன். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி தலையைக்கூடத் தூக்காமல், "என்னங்க, அதை ஊத்தாதீங்க, திரிஞ்ச வாடை வருது" என்றாள். பாக்கெட்டின் வாயில் மூக்கை வைத்து நன்றாக இழுத்துப் பார்த்தேன். பால் வாடைதான். தேதிக்கு இன்னும் இரண்டு நாள் பாக்கி. ரோஷத்தோடு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன், கொதி வருவதற்குள் தண்ணீர் தனியாகவும் திப்பி தனியாகவும் பிரிந்து நின்றது. "ஆம்பளை மூக்கு" என்றாள், துணி மடிப்பதை நிறுத்தாமலே.

அதற்கு இரண்டு நாள் கழித்து, சொல்லி வைத்தாற்போல, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மைத்துனி ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தாள். பெண்களின் மூளையில் மோப்பத்துக்கான பகுதியில் ஆண்களைவிட 50 சதவீதம் அதிக நரம்பணுக்கள் இருக்கின்றனவாம். வழக்கமாக இந்த மாதிரி செய்திகளை நான் படிக்காமலே தள்ளிவிடுவேன். பால் விஷயத்தில் பட்ட சூடு ஆறாததால் இதை மட்டும் விடாமல் தேடிப் போனேன்.

செய்தி புரளி இல்லை. 2014ல் பிரேசில் ஆய்வுக் குழு ஒன்று வெளியிட்ட கணக்கு அது. மூக்கின் கூரைக்கு மேலே, மூளையின் அடிப்பக்கத்தில், இரண்டு சிறு குமிழ்கள் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். மூக்கிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். நுகர்ச்சிக் குமிழ் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். இறந்தவர்களின் குமிழ்களை எடுத்து, சோப்பு போன்ற கரைசலில் நசுக்கி, கிட்டத்தட்ட ரசம் மாதிரி ஆக்கி, அதில் மிதக்கும் செல் உட்கருக்களை எண்ணியிருக்கிறார்கள். பெண்களுக்குச் சராசரியாக 1 கோடியே 62 லட்சம் செல்கள், ஆண்களுக்கு 92 லட்சம். நரம்பணுக்களை மட்டும் எடுத்தால் 69 லட்சத்துக்கு எதிரே 35 லட்சம். அப்படிப் பார்த்தால் 50 சதவீதம் அதிகம் என்பதே தப்பு, கிட்டத்தட்ட இரு மடங்கு. வாட்ஸ்அப்பில் குறைத்துச் சொல்லி நான் பார்த்த முதல் செய்தி இதுவாகத்தான் இருக்கும். ஆனால் எண்ணப்பட்டது மொத்தம் 18 பேருடைய குமிழ்கள். 7 ஆண்கள், 11 பெண்கள், எல்லோரும் 55 வயதைத் தாண்டியவர்கள். நம்மூர்க் கல்யாண விருந்தில் இரண்டு மேசை நிரப்பக்கூட ஆள் பற்றாது.

இதை வைத்து "அதனால்தான் பெண்ணுக்கு மோப்பம் அதிகம்" என்று முடித்துவிடலாமா? நானும் முடித்திருப்பேன். ஆனால் இதே கேள்வியை எலியிடம் கேட்டவர்களுக்கு நேர் எதிரான பதில் கிடைத்திருக்கிறது. எலியின் மோப்ப அமைப்பில் ஒரு முக்கியமான பகுதி ஆணுக்குத்தான் பெரியது, ஆணுக்குத்தான் செல்கள் அதிகம். அப்படியானால் ஆண் எலி திரிந்த பாலைச் சீக்கிரம் கண்டுபிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் சூடு பிடித்தது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பாலூட்டிகளுக்கு மூக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் மோப்பப் பாதை இரண்டு. ஒன்று நமக்குத் தெரிந்தது: காற்றில் வரும் வாசனை, மூக்கின் உள்சவ்வு, நுகர்ச்சிக் குமிழ், அங்கிருந்து மூளையின் மற்ற பகுதிகள். சாப்பாடு, புகை, மல்லிகைப்பூ எல்லாம் இந்த வழியில் போகின்றன. இரண்டாவது பாதைக்கு வாசல், மூக்கின் நடுத்தண்டின் அடியில் இரு பக்கமும் இருக்கும் சின்னக் குழல். டென்மார்க்கைச் சேர்ந்த லுட்விக் ஜேக்கப்சன் 1813ல் இதை விவரித்தார், அதனால் ஜேக்கப்சன் உறுப்பு என்ற பெயரும் உண்டு. வோமரோநேசல் உறுப்பு என்பது இன்னொரு பெயர். இதன் நரம்புகள் பெரிய குமிழின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் துணைக்குமிழுக்குப் போகின்றன. துணைக்குமிழிலிருந்து நேரே உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா, அப்புறம் ஹார்மோன்களை ஆட்டிவைக்கும் ஹைப்போதலாமஸ். யோசித்து முடிவெடுக்கிற மேல்மூளைப் பக்கம் அது எட்டிப் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். யார் ஆண், யார் பெண், யார் பருவத்தில் இருக்கிறாள், யார் அந்நியன் என்ற சமாச்சாரங்களில் பெரும்பங்கு இந்தக் குறுக்கு வழியில் போகிறது.

இதை வேலையில் பார்க்க ஆய்வகம் போக வேண்டாம். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு கடுவன் பூனை சுற்றுகிறது. கடிதப் பெட்டிகளுக்குப் பக்கத்துத் தூணை மோந்து பார்க்கும், சட்டென்று நிறுத்தும், மேல் உதட்டைச் சுருட்டி, வாயைப் பாதி திறந்து, ஏதோ அருவருப்பான சேதியைக் கேட்டது போல நாலைந்து விநாடி அப்படியே நிற்கும். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அது செய்வது தீவிரமான வேலை: அந்தத் தூணில் வேறு பூனை அடித்துவிட்டுப் போன மூத்திரத்தின் ஆவியாகாத சங்கதிகளை, மேல்முன்பற்களுக்குப் பின்னால் இருக்கும் துளை வழியாக ஜேக்கப்சன் உறுப்புக்குள் ஏற்றுகிறது. ஊரில் ஆட்டுக்கிடாவும் எருமைக்கிடாவும் பல்லை இளித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதும் இதேதான்.

இந்தச் சேதியை எழுதுவதிலும் ஆண், பெண் வேறுபாடு உண்டு. கடுவனின் மூத்திரத்தில் ஃபெலினின் என்ற கந்தகம் கலந்த பொருள் பெண் பூனையினுடையதைவிட மிக அதிகம். அது உடைந்துதான் அந்தக் குடலைப் புரட்டும் நெடி வருகிறது. காயடித்தால் அளவு சரிந்துவிடும். நம் பேட்டைகளில் இடது காது நுனி கத்தரிக்கப்பட்ட பூனைகள், அதாவது கருத்தடை செய்துவிட்ட பூனைகள், இருக்கும் புளோக்கில் தூண்கள் அவ்வளவாக நாறாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். எங்கள் கடுவனுக்கு இரண்டு காதும் முழுசாக இருக்கின்றன.

சரி, எலிக்கு வருவோம். ஸ்பெயினைச் சேர்ந்த சாந்தியாகோ செகோவியா, அன்டோனியோ கில்லமோன் இருவரும் 1980களின் தொடக்கத்திலிருந்து எலியின் இந்த இரண்டாவது பாதையை நிலையம் நிலையமாக அளந்தார்கள். ஜேக்கப்சன் உறுப்பு ஆணுக்குப் பெரிது. துணைக்குமிழ் ஆணுக்குப் பெரிது, அதிலிருந்து சேதியைக் கொண்டுபோகும் செல்களும் அதிகம். அதற்கு அடுத்த நிலையங்களிலும் வேறுபாடு. அதுவரைக்கும், மூளையில் ஆண், பெண் வேறுபாடு என்றால் ஹைப்போதலாமஸின் ஒரு மூலையில் ஒரு சின்ன நரம்பணுத் திரள் பெரிதாக இருக்கிறது என்ற அளவில்தான் பேச்சு. இவர்கள் சொன்னது, வேறுபாடு ஒரு புள்ளியில் இல்லை, ஒரு சாலை முழுக்க இருக்கிறது என்பது. எல்லா நிறுத்தத்திலும் ஆணுக்கே பெரிது என்றும் இல்லை, சில உட்பகுதிகள் பெண்ணுக்குப் பெரியவை. முட்டை வெளிவருவதை முடுக்கும் ஹைப்போதலாமஸ் பகுதி ஒன்று பெண் எலிக்குத்தான் பெரிது, அது இயல்பாகப் புரியக்கூடியதும்கூட.

அவர்கள் செய்த இன்னொரு சோதனைதான் கதையின் மையம். பிறந்த அன்றே ஆண் குட்டிக்குக் காயடித்துவிட்டால், அது வளர்ந்தபின் ஜேக்கப்சன் உறுப்பு பெண் அளவில் நின்றுவிடுகிறது. பிறந்த பெண் குட்டிக்கு ஆண் ஹார்மோனைக் கொடுத்தால் ஆண் அளவுக்குப் பெருக்கிறது. குரோமோசோம் நேரடியாகக் கட்டிய வீடு இல்லை இது, ஹார்மோன் மேஸ்திரி நின்று கட்டியது. 1959லேயே சீமை எலிகளை வைத்து, கருவில் கிடைக்கும் டெஸ்டோஸ்டிரோன் வாழ்நாள் முழுக்க நடத்தையைத் திருப்பிவிடும் என்று அமெரிக்காவில் காட்டியிருந்தார்கள். எலியில் ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் போனதும் அங்கே இருக்கும் நொதி அதை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது, அந்த ஈஸ்ட்ரோஜன்தான் மூளையை ஆண் பாங்குக்குத் திருப்புவதில் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. ஆமாம், நாம் பெண் ஹார்மோன் என்று முத்திரை குத்தி வைத்திருக்கும் அதே பொருள். அப்படியானால் தாயின் ஈஸ்ட்ரோஜன் எல்லாக் குட்டிகளையும் ஆணாக்கிவிடாதா? குட்டிகளின் ரத்தத்தில் ஆல்ஃபா-ஃபீட்டோபுரோட்டீன் என்ற புரதம் அந்த ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துவைத்து மூளைக்குள் விடாமல் காக்கிறது. மனிதரில் ஏற்பாடு வேறு, நம்மில் ஆண் ஹார்மோனே நேரடியாகத் தன் ஏற்பியில், அதாவது செல்லில் அது வந்து ஒட்டும் இடத்தில், அமர்ந்து வேலை செய்வதுதான் முக்கியம். எலியில் கண்டதை அப்படியே நமக்கு ஒட்ட முடியாது என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை, ஆனால் செய்தி எழுதுபவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சின்ன வயதில் கட்டிய வீடு, இனி மாறாது என்று நினைத்தால் அதுவும் இல்லை. இந்தப் பாதையில் அமிக்டலாவின் ஒரு பகுதி, மோப்பச் சேதியும் ஹார்மோனும் சந்திக்கும் இடம், ஆண் எலிக்குப் பெண்ணைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 1999ல் பெர்க்லியில் மார்க் பிரீட்லவ் குழு, முழுதாக வளர்ந்த ஆண் எலிகளுக்குக் காயடித்துப் பார்த்தது. நாலு வாரத்தில் அந்தப் பகுதி பெண் அளவுக்குச் சுருங்கியது. வளர்ந்த பெண் எலிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் அதே நாலு வாரத்தில் ஆண் அளவுக்குப் பெருத்தது. ஆண் மூளை, பெண் மூளை என்று இரண்டு அச்சில் வார்த்தெடுத்த பொருள்கள் போலப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். ஒரு மாதத்தில் அளவு மாறுகிற பொருளை அச்சு என்று எப்படிச் சொல்வது?

இதைவிடப் பெரிய அடி ஹார்வர்டில் கேத்தரின் துலாக்கின் ஆய்வகத்திலிருந்து வந்தது. ஜேக்கப்சன் உறுப்பின் செல்கள் வேலை செய்ய டிஆர்பிசி2 என்ற மரபணு வேண்டும். 2002ல் அதை முடக்கிய ஆண் சுண்டெலிகளைப் பார்த்தார்கள். அவை மற்ற ஆண்களோடு சண்டை போடவில்லை, மாறாக ஆண் பெண் பார்க்காமல் எல்லோர் மேலும் ஏறப் பார்த்தன. 2007ல் அதே மரபணு முடங்கிய பெண் சுண்டெலிகளைக் கவனித்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்கள் ஆண்களைப் போலவே நடந்துகொண்டன: பின்னாலிருந்து ஏறுவது, இடுப்பை அசைப்பது, மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் ஆண் எழுப்பும் காதல் கூவல், எல்லாம். மரபணு பிறவியிலேயே முடங்கியதால் மூளை வேறு மாதிரி வளர்ந்திருக்கலாமே என்று சந்தேகம் வரும். அதையும் பார்த்துவிட்டார்கள், சாதாரணமாக வளர்ந்த பெண் சுண்டெலியின் ஜேக்கப்சன் உறுப்பை அறுவை செய்து எடுத்தாலும் அதே நடத்தை வந்தது.

ஆண் செய்யும் வேலைக்கான நரம்புச் சுற்று பெண்ணின் மூளையிலும் முழுசாக இருக்கிறது, ஜேக்கப்சன் உறுப்பிலிருந்து வரும் சேதி அதைப் பூட்டி வைத்திருக்கிறது என்றுதான் இதற்குப் பொருள். நம்மூர் மின்தூக்கியை நினைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தளத்துக்கும் பொத்தான் இருக்கும், சிலவற்றை மட்டும் அழுத்தினால் எரியாது. இது என் உவமை, அவர்களுடையது இல்லை. துணைக்குமிழ் வரைக்கும் இரு பாலிலும் சேதி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வந்து சேர்கிறது, அமிக்டலாவுக்குப் போன பிறகுதான் ஆண் மூளையில் பெண் வாடைக்கும் பெண் மூளையில் ஆண் வாடைக்கும் அதிகச் செல்கள் துள்ளுகின்றன என்று 2014ல் அதே ஆய்வகம் காட்டியது.

இந்தப் பூட்டு ஒரே நிலையில் இருப்பதும் இல்லை. பெண் சுண்டெலிக்கு நாலைந்து நாளுக்கு ஒரு முறை பருவம் வந்து போகும். 2015ல் வந்த ஓர் ஆய்வு: பருவத்தில் இல்லாத நாட்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் ஏறியிருக்கும்போது, ஆணின் மூத்திரப் புரதங்களை உணரும் செல்கள் மூக்கிலேயே வாயை மூடிக்கொள்கின்றன. சேதி மூளைக்குக் கிளம்புவதே இல்லை. பருவம் திரும்பியதும் அதே செல்கள் அதே வாடைக்குப் பதில் சொல்கின்றன. ஆக அன்றைக்கு அவளுக்கு அவன் பிடிக்கவில்லை என்பதில்லை, அவன் அங்கே இருப்பதே அவள் மூக்குக்குத் தெரியவில்லை.

ஹில்டா புரூஸ் 1959ல் லண்டனில் கண்ட விஷயத்தையும் இங்கே சொல்லாமல் போக மனமில்லை. இணைசேர்ந்து ஓரிரு நாள் ஆன பெண் சுண்டெலியின் பக்கத்தில் வேறோர் ஆணைக் கொண்டுவந்து விட்டால், அந்தக் கரு நிற்காமல் போய்விடுகிறது. ஆண் வர வேண்டும் என்றுகூட இல்லை, அவன் மூத்திர வாடை போதும். ஆனால் தன் இணையின் வாடைக்கு அப்படி நடப்பதில்லை. ஏனென்றால் இணைசேர்ந்த அடுத்த சில மணி நேரத்துக்குள் அவள் துணைக்குமிழ் அவன் வாடையைப் பதிந்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பதிவு இருக்கும்வரை அவன் வாடை உள்ளே போய் ஹார்மோனைக் கலைக்காது. ஞாபகம் என்றால் மூளையின் ஆழத்தில் ஏதோ ஓர் அறை என்று நினைப்போம், இது வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

இவ்வளவும் சுண்டெலி. ஆடு, யானை பக்கம் வந்தால் நமக்குப் பரிச்சயமான வாடைகள் வரும். தேக்கா ஈரச்சந்தையில் ஆட்டுக்கறி வாங்கும் பெரியவர்கள் கறித்துண்டை எடுத்து மோந்து பார்த்து "கிடா வாடை அடிக்குதே" என்று கீழே வைப்பதைப் பார்த்திருக்கிறேன். காயடிக்காத கிடாவின் அந்த வீச்சத்தை ஜப்பானில் தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். கிடாக்களின் தலையில் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, ரோமத்திலிருந்து கிளம்பும் ஆவிகளைச் சேகரித்து, காயடித்த கிடாவினுடையதோடு ஒப்பிட்டு, கடைசியில் 4-எத்தில்ஆக்டனால் என்ற பொருளைப் பிடித்தார்கள். 2014ல் வெளியான செய்தி. அது தனியாக இருக்கும்போது எலுமிச்சை வகை வாசனையாம், காற்றுப்பட்டு ஆக்சிகரணம் ஆனதும்தான் நாம் முகம் சுளிக்கும் கிடா வீச்சம். அதை மோந்த பெண் ஆட்டின் ஹைப்போதலாமஸில் இனப்பெருக்க ஹார்மோனின் தாளத்தை அடிக்கும் நரம்புக்கூட்டம் உடனே வேகமெடுக்கிறது. பருவம் வராத ஆட்டு மந்தைக்குள் கிடாவை விட்டால் சேர்ந்தாற்போல் பருவத்துக்கு வரும் என்று ஆட்டுக்காரர்கள் சொல்வதன் உள்ளே இருக்கும் யந்திரம் இதுதான்.

பன்றியில் நிலைமை கொஞ்சம் வேறு. ஆண் பன்றியின் எச்சிலில் இருக்கும் ஆண்ட்ரோஸ்டினோனை மோந்ததும் பருவத்தில் இருக்கும் பெண் பன்றி அசையாமல் நிற்கும், பண்ணைகளில் இதை ஸ்பிரேயாகவே பயன்படுத்துகிறார்கள். இதற்கு ஜேக்கப்சன் உறுப்பு தேவையே இல்லை, அதை அடைத்துவிட்டாலும் பெண் பன்றி நிற்கிறது. ஆக முதல் பாதை சாப்பாட்டுக்கு, இரண்டாம் பாதை சம்சாரத்துக்கு என்று மேலே நான் பிரித்ததைக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுண்டெலியிலும் முதல் பாதையை முடக்கினால் ஆண் பெண்ணைச் சீண்டுவதே இல்லை.

யானைக்கு மோப்ப ஏற்பி மரபணுக்கள் சுமார் 2,000. நமக்கு 400 பக்கம். ஆசிய யானைப் பெண் பருவம் நெருங்கும்போது மூத்திரத்தில் விடும் பொருளை ராஸ்முஸன் என்ற ஆய்வாளரின் குழு 1996ல் அடையாளம் கண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் தங்கள் காதலுக்குப் பயன்படுத்தும் அதே பொருள் அது. ஆண் யானை தும்பிக்கை நுனியால் அதைத் தொட்டு வாயின் மேலண்ணத்தில் கொண்டுபோய் வைக்கும், வாசல் அங்கேதான். மதம் பிடித்த ஆண் யானையின் மதநீரில் ஃபிரான்டலின் என்று ஒன்று இருக்கிறது. அது மரப்பட்டையைத் துளைக்கும் ஒருவகை வண்டின் சேதிப்பொருள். மதநீர் வழியும் யானைக் கன்னத்தில் வண்டு மொய்க்கும் என்று பாடியவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை, ஆனாலும் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஃபிரான்டலின் இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவத்தில் வரும். இளம் யானையில் ஒரு வடிவம் மிகுதி, முதிர்ந்த யானையில் இரண்டும் சரிசமம். அந்தச் சரிசமக் கலவையை மோந்தால் பருவத்தை நெருங்கும் பெண் நெருங்கி வருகிறாள், கர்ப்பிணி ஒதுங்குகிறாள், மற்ற ஆண்கள் விலகிப் போகிறார்கள். வாடை ஒன்றே, அதற்குப் பொருள் கொடுப்பது மோப்பவரின் உடல்நிலை.

மண்டாயில் பாண்டாக்களைப் பார்க்கப் போனவர்களுக்கு ஒரு சங்கதி ஞாபகம் இருக்கலாம். கை கை என்ற ஆணும் ஜியா ஜியா என்ற பெண்ணும் 2012ல் சிங்கப்பூருக்கு வந்தன. பெண் பாண்டாவுக்குப் பருவம் வருடத்துக்கு ஒரு முறை, அதுவும் ஒன்று முதல் மூன்று நாள். அந்தச் சமயத்தில் இரண்டையும் கூண்டு மாற்றி விட்டார்கள், ஒன்றின் வாடையை மற்றது மோந்து தயாராகட்டும் என்று. கடைசியில் 2021 ஆகஸ்டில் குட்டி லெ லெ பிறந்தது செயற்கைக் கருவூட்டலில்தான், ஆனால் கூண்டு மாற்றிய யோசனை மேலே சொன்ன பாதையை நம்பி எடுத்தது.

ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2009ல் வெளியான விலங்கு ஆய்வுகளைக் கணக்கெடுத்தபோது, நரம்பியலில் ஆண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவை, பெண் விலங்குகளை மட்டும் வைத்துச் செய்தவற்றைப் போல 5.5 மடங்கு. பெண்ணின் பருவச் சுழற்சி கணக்கைக் குழப்பும் என்பது சாக்கு. ஆனால் குழப்புவது வேறொன்றாகவும் இருக்கலாம்: 2014ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகிலின் குழு, ஆண் ஆய்வாளர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எலிகளும் சுண்டெலிகளும் மன அழுத்தத்தில் வலியைக் குறைவாகக் காட்டுகின்றன என்று கண்டது. ஆளே வேண்டாம், ஆண் உடுத்திய டி-சட்டையை வைத்தாலே போதும். பெண்ணின் சட்டைக்கு அப்படி இல்லை. எத்தனை பழைய சோதனைகளின் முடிவில், சோதித்தவரின் வியர்வையும் ஓரமாக உட்கார்ந்திருந்ததோ.

இப்போது என் அடுப்படிக்குத் திரும்பலாம். எலியில் பெரிய வேறுபாடு எல்லாம் இரண்டாவது பாதையில். நமக்கு அந்தப் பாதையே இல்லை. கருவில் ஜேக்கப்சன் உறுப்பு தலைகாட்டும், வளர்ந்தவர்கள் சிலருக்கு மூக்கின் நடுத்தண்டில் ஒரு சின்னக் குழி மிஞ்சியிருக்கும், அதிலிருந்து மூளைக்கு நரம்பு போவதில்லை. துணைக்குமிழ் கிடையாது. டிஆர்பிசி2 மரபணு நம்மிடமும், வாலில்லாக் குரங்குகளிடமும், ஆசிய ஆப்பிரிக்கக் குரங்குகளிடமும் உடைந்து கிடக்கிறது, உடைந்து 2 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆகையால் "விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு" என்று எலியின் ஆண், பெண் கதையை நம் வீட்டுக் கணவன் மனைவிக்கு மாற்றிச் சொல்லும் கட்டுரைகளை நம்பாதீர்கள். ஃபெரோமோன், அதாவது எதிர்பாலை இழுக்கும் வாடைப்பொருள், கலந்தது என்று ஆன்லைனில் விற்கும் வாசனைத் தைலங்களை இன்னும் கூடுதலாக நம்பாதீர்கள்.

மனிதரில் மிஞ்சியிருப்பது முதல் பாதை மட்டும். அதில் வேறுபாடு உண்டா? உண்டு, ஆனால் கொஞ்சூண்டு. 2019ல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வாசனையைப் பெயர் சொல்லிக் கண்டுபிடிப்பதிலும், பிரித்தறிவதிலும், மெலிதான வாசனையை உணர்வதிலும் பெண்கள் முன்னால்தான் நின்றார்கள், இடைவெளிதான் மிகச் சிறியது. தெருவில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் நிறுத்தி யாருக்கு மோப்பம் கூர்மை என்று பந்தயம் கட்டினால் கிட்டத்தட்ட காசு சுண்டிப் போடுவது மாதிரிதான் இருக்கும். இரு மடங்கு நரம்பணு இருந்தும் இவ்வளவுதானா என்று கேட்டால், எண்ணிக்கைக்கும் திறனுக்கும் நேர்க்கோட்டில் உறவு இல்லை என்பதற்கு அதே 2019ல் இஸ்ரேலிலிருந்து ஒரு சாட்சி வந்தது. வைஸ்மன் நிறுவனத்தில் நோவம் சோபெல் குழு வேறு ஏதோ காரணத்துக்காக ஸ்கேன் எடுத்தபோது, ஓர் இளம்பெண்ணுக்கு நுகர்ச்சிக் குமிழே காணோம். அவளுக்கு மோப்பம் நன்றாகவே இருந்தது. தேடிப் பார்த்தால் இன்னும் சிலர், எல்லோரும் பெண்கள். அமெரிக்காவில் ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களைப் புரட்டியதில் பெண்களில் 0.6 சதவீதம் பேருக்கும், இடக்கைப் பழக்கமுள்ள பெண்களில் 4 சதவீதத்துக்கும் மேலானவர்களுக்கும் குமிழ் கண்ணில் படவில்லை. ஆண்களில் ஒருவர்கூட அப்படி இல்லை. குமிழில் செல் அதிகம் என்று சொல்லப்பட்ட அதே பெண்களில்தான் குமிழே இல்லாமல் மோப்பம் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். மைத்துனிக்கு இதை அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை.

அப்புறம் மசக்கை. சோறு கொதிக்கும் வாடையே ஆகாது என்று ஓடும் பெண்களை எல்லா வீட்டிலும் பார்த்திருக்கிறோம். மெலிதான வாசனையை உணரும் திறனை அளந்து பார்த்தால் அந்தக் காலத்தில் பெரிய ஏற்றம் தெளிவாகத் தெரிவதில்லை, வாசனை பிடிக்காமல் போவதுதான் கூடுகிறது. பெண் சுண்டெலியிலோ கர்ப்ப காலத்தில் புரோலாக்டின் ஹார்மோனால் புதிய நரம்பணுக்கள் உருவாகி நுகர்ச்சிக் குமிழுக்கே போய்ச் சேர்கின்றன என்று 2003ல் காட்டினார்கள். மறுபடியும் எலி ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம்.

என் பால் பாக்கெட்டுக்கு மிக அருகில் வரும் ஆய்வு 2002ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பமேலா டால்டன் குழு செய்தது. பாதாம் வாடை அடிக்கும் பென்சால்டிஹைடு போன்ற சில பொருள்களைத் திரும்பத் திரும்ப மோக்கச் சொன்னார்கள். குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் கூர்மை ஏறிக்கொண்டே போனது, தொடங்கிய இடத்திலிருந்து பல ஆயிரம் மடங்கு மெலிந்த வாடையைக்கூடப் பிடித்தார்கள். ஆண்களுக்கு ஏறவில்லை. பருவமடையாத சிறுமிகளுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் ஏறவில்லை. இங்கேயும் ஹார்மோனின் கை இருக்கிறது, ஆனால் தானாக வேலை செய்யவில்லை, பழக்கம் சேர்ந்தால்தான். எங்கள் வீட்டில் பதினோரு வருடமாகக் குளிர்பெட்டியைத் திறந்து எது நிற்கும் எது போகும் என்று மோந்து பார்ப்பது யார் என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஆண்களுக்கு ஏறாது என்று படித்தும், மூன்று வாரமாகக் காலையில் பாலை நானும் மோந்து பார்க்கிறேன். முந்தாநாள் தோசை மாவுப் பாத்திரத்தைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. "இன்னைக்கு மாவு புளிச்சிருச்சு" என்று கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்.

"அது நேத்தே புளிச்சதுங்க" என்றாள்.